வேல் போட்ட ஜெர்சியும் காவடி தூக்கும் புலியும்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செமி-புரோ காற்பந்து கிளப்பின் ஊடகப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்று பெயர், ஆள் நான் ஒருத்திதான். அலுவலகத்தில் தமிழரும் நான் ஒருத்திதான். தீபாவளிக்கு முந்தின வாரம் சொந்தத் திடலில் எங்களுக்கு ஆட்டம். அதற்கு 'தீபாவளி நைட்' என்று பெயர் வைத்து, நெஞ்சில் வேலும் தோளில் மயிலிறகும் போட்ட சிறப்பு ஜெர்சி, இடைவேளையில் எங்கள் புலி பொம்மை காவடி தூக்கி உறுமி மேளத்துக்கு ஆடுவது, நுழைவாசலில் பெரிய கோலம் என்று முடிவாகி, ஜெர்சி 300 அடித்தாகிவிட்டது. விலை 79 வெள்ளி. போஸ்டரை முகநூலில் போட்ட மறுநாளே ஆலயத் தலைவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். ரசிகர் மன்றத்துப் பையன்களோ, "இது நம்ம பெருமை, பின்வாங்கினால் திடலுக்கே வரமாட்டோம்" என்கிறார்கள். கிளப் முதலாளி சீனர், டத்தோ. நல்ல மனிதர்தான், ஆனால் "நீ பார்த்துத்தானே போஸ்டர் போனது" என்கிறார். உண்மையில் கூட்டத்தில் எனக்குக் காவடி விஷயம் உறுத்தியது, மெதுவாகச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. ரத்து செய்வதா, உறுதியாக நிற்பதா? மாமாவிடம் (தலைவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) என்ன சொல்வது?
– ச., சுங்கை சிப்புட்

பதில்:

தங்கச்சி, முதலில் நேரடியான பதில். வேல் ஜெர்சியை நிறுத்துங்கள், காவடி ஆட்டத்தை நிறுத்துங்கள், தீபாவளி நைட்டை நடத்துங்கள், கோலத்தையும் போடுங்கள். இதை ஒரே தடவை அறிவித்துவிட்டு அப்புறம் யார் எவ்வளவு கத்தினாலும் மாற்றாதீர்கள். இதையே டத்தோவுக்கு ஒரு மாதிரி, தலைவருக்கு ஒரு மாதிரி, பையன்களுக்கு ஒரு மாதிரி நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் காரணங்களை விவரமாக எழுதுகிறேன்.

காவடி விஷயம் எளிது. தீபாவளி என்பது கொண்டாட்டம். புதுத்துணி, முறுக்கு, வெடி, திறந்த இல்ல உபசரிப்பு, மலாய்க்காரர் சீனர் எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற நாள், அதைத் திடலுக்கு எடுத்துப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. காவடி அப்படியில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ தூக்கிக்கொண்டு போகிற ஒரு தாயின் நேர்த்திக்கடன் அது, தனக்கும் முருகனுக்கும் நடுவில் அவள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதைப் பஞ்சடைத்த புலி ஒன்று இடைவேளையில் ஐந்து நிமிடம் ஆடிக் காட்டும்போது, அந்தப் பக்கம் நின்று ஐஸ் கச்சாங் சாப்பிடுகிறவர் சிரிப்பார். சிரிக்க வைக்கத்தானே புலி பொம்மையை வைத்திருக்கிறீர்கள்! அந்தச் சிரிப்பு எதைப் பார்த்து வருகிறது என்பதுதான் தலைவருடைய கோபம், அதில் அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. போதாததற்குத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் சம்பந்தமே இல்லை. 'இந்தியர் விழா' என்று ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள், அது வெளியாட்கள் செய்த வேலை என்று பார்த்தவுடனே தெரிகிறது.

வேல் ஜெர்சிதான் சிக்கலானது, ஏனென்றால் பையன்கள் கேட்கப்போகும் கேள்வி உங்களுக்கே தெரியும்: தைப்பூசத்தன்று கடைகளில் வேல் போட்ட டி-சட்டை விற்கவில்லையா, அதை நாங்கள் போட்டுக்கொண்டு கூட்டத்தில் வியர்த்து விறுவிறுத்து நடக்கவில்லையா, அப்போது போகாத புனிதம் இப்போது எப்படிப் போகும்? நல்ல கேள்வி. "அதெல்லாம் வேறு" என்று மழுப்பினால் அவர்கள் விடமாட்டார்கள். பதில் இதுதான்: அந்தச் சட்டையை வாங்குகிறவன் பக்தன், தானாக வாங்குகிறான், தானாகப் போட்டுக்கொள்கிறான், வீட்டுக்கு வந்து எப்படித் துவைப்பது எங்கே மடித்து வைப்பது என்பது அவன் பாடு. உங்கள் ஜெர்சியை ஒப்பந்தத்தில் இருக்கிற பதினொரு பேர் போட்டே ஆகவேண்டும், அவர்களில் பாதிப் பேருக்கு முருகன் யாரென்றே தெரியாது. அக்டோபர், நவம்பர் பேராக் மழையில் திடல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, நெஞ்சால் சறுக்கி விழுவார்கள், எதிராளி அந்த வேலைப் பிடித்து இழுப்பான், ஆட்டம் முடிந்ததும் கழற்றி மாற்றிக்கொள்வார்கள், எங்கோ பெர்லிசிலோ கிளந்தானிலோ ஒருத்தர் வீட்டில் அது தரை துடைக்கும் துணியாக முடியும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதை உங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் யோசித்திருக்க மாட்டார்கள். நீங்கள் தோற்றால்? எதிரணி ரசிகர்களின் வேலையே உங்கள் ஜெர்சியைக் கேலி செய்வதுதான், அதற்குத்தான் அவர்கள் பேருந்து பிடித்து வருகிறார்கள். மூன்று கோல் வாங்கிய இரவில் அந்த நெஞ்சுப் படத்தை வைத்து மீம்ஸ் வரும், யாராவது ஒரு அரைவேக்காடு ஜெர்சியைத் தரையில் போட்டு மிதித்துப் படம் பிடிப்பான். மற்ற வாரங்களில் அது காற்பந்துச் சண்டை. அந்த வாரம் அது மதச் சண்டை. நம் நாட்டில் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதிக தூரம் போகவேண்டாம், 2024 மார்ச்சில் ஒரு கடைத்தொடரில் விற்ற காலுறையில் 'அல்லா' என்ற சொல் இருந்ததாகக் கிளம்பிய பிரச்சினையில் நம் பீடோர் கிளை மீதே பெட்ரோல் குண்டு வீசினார்கள். படம் எவ்வளவு அழகு, எவ்வளவு பக்தியோடு வரைந்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் கணக்கிலேயே வராது. அது எந்தப் பொருளில் இருக்கிறது, அந்தப் பொருளை ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் பேச்சு.

விளையாட்டு உலகத்தில் திரும்பத் திரும்ப இதே தவறுதான் நடக்கிறது. 1994 உலகக் கிண்ணத்தின்போது மெக்டோனல்ட்ஸ் ஆடும் நாடுகளின் கொடியையெல்லாம் உணவுப் பைகளில் அச்சடித்தது. சவூதி கொடியில் கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி, எழுதியிருக்கிறது, பர்கரைத் தின்றுவிட்டு அந்தப் பையைக் கசக்கிக் குப்பையில் போடுவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. 2007இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஹெலிகாப்டரிலிருந்து காற்பந்துகளைப் போட்டார்கள், நல்லெண்ணம்தான், ஆனால் பந்தில் பல நாட்டுக் கொடிகள், அதில் அதே சவூதி கொடி. உதைக்கிற பந்து! ஊர் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். 1997இல் நைக்கி 38,000 ஜோடிக் காலணிகளைத் திரும்பப் பெற்றது, 'ஏர்' என்று தீப்பிழம்பு மாதிரி வரைந்த எழுத்து அரபியில் இறைவன் பெயர் போல இருந்ததால். நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் டோனி இருக்கிறார். 2013இல் ஓர் இந்திய வணிக இதழ் அவரை விஷ்ணு மாதிரி அட்டையில் போட்டு, கைகளில் அவர் விளம்பரம் செய்யும் பொருட்களையெல்லாம் கொடுத்தது. ஒரு கையில் காலணி. படம் போட்டது இதழ், வழக்கு டோனி தலையிலும். 2017இல்தான் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று சொல்லி முடித்துவைத்தது. சட்டப்படி அவர் ஜெயித்தார், சரி, ஆனால் அத்தனை வருஷம் வக்கீல் வைத்து அலையும் வசதி உங்கள் கிளப்புக்கு இருக்கிறதா?

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு விஷயத்தை நான் கேட்கிறேன். உங்கள் அணியில் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் பாதிக்கு மேல் இருப்பார்கள். அவர்களிடம் யாராவது கேட்டார்களா? 2010இல், மான்செஸ்டர் யுனைடெட்டின் பிசாசு சின்னம், சிலுவை உள்ள மற்ற அணிகளின் சின்னம் இதையெல்லாம் முஸ்லிம்கள் அணியக்கூடாது என்று நம் பேராக் முப்தியே பேசினார், ஜோகூரிலும் அதே பேச்சு. அதை மீறி ஊரெல்லாம் யுனைடெட் சட்டைதான் என்பது வேறு கதை. ஆனால் மற்றொரு மதத்தின் வழிபாட்டுச் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஊர் முன்னால் நிற்கச் சொன்னால் அந்தப் பையன் கம்பத்துக்குப் போய் என்ன பதில் சொல்வான்? முஸ்லிமான தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹஷிம் அம்லா பீர் நிறுவனச் சின்னம் இல்லாத சட்டையோடுதான் ஆடினார், ஸ்பெயினின் செவில்லா காற்பந்து அணியில் கனூத்தே சூதாட்ட நிறுவனப் பெயரை மறைத்துக்கொண்டு ஆடினார். அவர்கள் நட்சத்திரங்கள், வாய் திறக்க முடிந்தது. மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிற 21 வயதுப் பையன் வாய் திறக்கமாட்டான், அவன் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டத்தோவிடம் பேசும்போது இதையே முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் இது ஆலயத்துக்கும் கிளப்புக்கும் மட்டும் நடுவில் உள்ள சண்டை இல்லை என்று அவருக்கு உடனே உறைக்கும்.

கோலத்துக்கு வருவோம். அதையும் தலைவர் எதிர்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை, எதிர்த்திருந்தால் அதில் நான் அவரோடு உடன்படவில்லை. கோலமே வாசலில் போடுவதுதான், காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் நடந்தே அழிந்துவிடும். தீபாவளி நேரத்தில் இந்த நாட்டுப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் இல்லாத இடம் உண்டா? ஓம், வேல், தெய்வ உருவம் எதுவும் வேண்டாம், மயில், தாமரை, விளக்கு, நடுவில் வேண்டுமானால் ஒரு பந்து, சுற்றி ஒரு கயிறு. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மாக்களைக் கூப்பிட்டுப் போடச் சொல்லி அவர்களுக்குச் சாப்பாடும் குடும்பத்தோடு இலவச டிக்கெட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டால் அடுத்த வருஷம் தீபாவளி என்ற பெயரையே எடுக்கச் சொல்வார்கள், அதுவும் நடக்கும்.

டத்தோவிடம் "இந்துக்கள் மனம் புண்படும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் மனசில், 'மரியாதைதானே செய்கிறோம்' என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் காசு போட்டிருப்பார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியும் பல்லிளிக்கும் செவ்விந்தியர் முகத்தை வைத்துக்கொண்டு இது மரியாதை, இது மரியாதை என்றுதான் பல காலம் சொன்னது. சம்பந்தப்பட்ட மக்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2019இல் முகம் போனது, 2022 பருவத்தில் 'இந்தியன்ஸ்' என்ற பெயரே போனது. வாஷிங்டன் காற்பந்து அணி, அவர்கள் ஊர்க் காற்பந்து, அது இன்னும் பிடிவாதம், முதலாளி 'ரெட்ஸ்கின்ஸ்' (செந்தோலர்) என்ற பெயரை மாற்றவே மாட்டேன் என்றார். 2020 ஜூலையில் அரங்கத்துக்குப் பெயர் கொடுத்த ஃபெட்எக்ஸ் வெளிப்படையாகக் கேட்டது, அதே மாதத்தில் பெயர் போய்விட்டது. டத்தோவுக்கு இந்தக் கதை புரியும். ஸ்பான்சர் யார் யார், அவர்களில் யாருக்கு இந்தப் போஸ்டர் போயிருக்கிறது என்று ஒரு வரி கேளுங்கள், மீதி அவரே யோசித்துக்கொள்வார்.

இன்னும் நெருக்கமான கதை நம் நாட்டுக்காரருடையதே. வின்சென்ட் டான் கார்டிஃப் சிட்டியை வாங்கியபின் 2012இல் அவர்களுடைய நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார், சிவப்பு ராசி, ஆசியாவில் விற்கும் என்று. அந்த அணிக்குச் செல்லப்பெயரே நீலப்பறவைகள். 2013இல் சிவப்பு ஜெர்சியில்தான் பிரிமியர் லீக்குக்கு ஏறினார்கள், இத்தனைக்கும் ரசிகர்கள் சமாதானம் ஆகவில்லை, 2015 ஜனவரியில் மறுபடி நீலத்துக்கே வந்தார். அதில் மதமும் இல்லை சாமியும் இல்லை, வெறும் நிறம். பணம் போட்டவருக்கும் ஜெயித்துக் கொடுத்தவருக்கும்கூட, அது யாருடையதோ அவர்களிடம் கேட்காமல் தொட முடியவில்லை. டத்தோமார் டான் ஸ்ரீமார் கதை என்றால் டத்தோமார் கவனமாகக் கேட்பார்கள், இது என் அனுபவம்.

மேலே 'ஒரே தடவை' என்று சொன்னேனே, அதற்குக் காரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி. 2023இல் அவர்களுடைய பிரைட் நைட்டுக்கு (பாலினச் சிறுபான்மையினரைக் கொண்டாடும் இரவு), கன்னியாஸ்திரி வேடத்தில் வந்து நிதி திரட்டும் ஒரு குழுவைக் கௌரவிக்கப்போவதாகச் சொன்னார்கள். கத்தோலிக்க அமைப்புகள் கொதித்தன, மே 17ஆம் தேதி அழைப்பை வாபஸ் வாங்கினார்கள். இப்போது மறுபக்கம் கொதித்தது, மே 22ஆம் தேதி மன்னிப்புக் கேட்டு மறுபடி அழைத்தார்கள். ஜூன் 16 விழா அன்று வெளியே ஆயிரக்கணக்கில் ஆர்ப்பாட்டம். எந்தப் பக்கம் சரி என்பது இங்கே நமக்கு வேண்டாம். ஐந்தே நாளில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொண்டதைப் பாருங்கள். உங்கள் பையன்கள் மிரட்டினார்கள் என்று ஜெர்சியைத் திரும்பக் கொண்டுவந்தால் உங்கள் கதியும் அதுதான், ஆகவே அறிவிப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசி முடித்துவிடுங்கள். அறிவிப்பு கடைசி.

மாமாவைப் பார்க்க நீங்கள் தனியாகப் போகக்கூடாது. அப்பாவையும் அனுப்பாதீர்கள், இதில் அப்பாவுக்கு வேலையே இல்லை. டத்தோ வரவேண்டும், மேலாளர் வரவேண்டும், நீங்கள் கூட நிற்கலாம். மாலைப் பூஜை முடிந்து கூட்டம் கலைந்தபின் போங்கள், ஜெர்சி ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், பெரியவர் முதலில் திட்டி முடிக்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். டத்தோ வாயால் "கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, நிறுத்திவிட்டோம்" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முக்கியமாகப் படம் எடுத்து, மாலை போட்டு, முகநூலில் ஏற்றாதீர்கள். மன்னிப்புக் கேட்டதையே விளம்பரமாக்கினால் அடுத்த நாள் அடுத்த ஆலயத் தலைவர் "எங்களை ஏன் பார்க்கவில்லை" என்று வருவார், ஒவ்வொரு ஊரிலும் இரண்டு நிர்வாகம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா. வீடு வரை வந்து சத்தம் போட்டது சரியில்லை என்பதையும் ஒருநாள் அவரிடம் சொல்லலாம். இப்போது வேண்டாம்.

அறிவிப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டைப் பாருங்கள். நினைவுப் புத்தகத்தில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது, ஜகார்த்தாவே கொந்தளித்தது. அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் அச்சகத்தைக் கைகாட்டவில்லை, "யாராவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்கவுமில்லை. தவறு எங்களுடையது என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், இந்தோனேசிய அமைச்சரை நேரில் போய்ப் பார்த்தார். அந்த விவகாரம் அதோடு பெரிதும் அடங்கியது. உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால்: "தீபாவளி ஆட்டத்துக்காக நாங்கள் அறிவித்த வேல் ஜெர்சியும் காவடி நிகழ்ச்சியும் நடைபெறா. வழிபாட்டுக்குரியதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது எங்கள் தவறு, மன்னிக்கவும். தீபாவளி நைட் அறிவித்த நாளிலேயே நடக்கும், புதிய நிகழ்ச்சி நிரல் வெள்ளிக்கிழமை வரும்." அவ்வளவுதான். தமிழிலும் மலாயிலும், கிளப் பெயரில், டத்தோ அல்லது மேலாளர் கையெழுத்தோடு. உங்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள், யாருக்கும் பதில் போடாதீர்கள், மதம் தொட்ட பதிவுக்கு யாராவது புகார் கொடுத்தால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். புலனத்தில் உங்களைத் திட்டி வருவதை அழிக்காமல் வைத்திருங்கள்.

பையன்களிடம் பேசுவது கஷ்டம், ஆனால் அவர்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் விளையாட்டு அரங்கில் தங்களுடையது என்று ஏதாவது ஒன்றைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், கிடைத்ததைப் பிடுங்கினால் கோபம் வராதா? அவர்களிடம் "சென்சிடிவ்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். நீங்கள் ஆட்டம் பார்க்கும்போது 'வெற்றிவேல்' என்று கத்துவது உங்கள் பக்தி, அதை யாரும் தடுக்கப்போவதில்லை, கிளப் அதையே 79 வெள்ளிக்கு விற்பதுதான் நின்றுபோகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் அவர்களுக்கு வேலை கொடுங்கள், சும்மா சமாதானம் பேசினால் எடுபடாது.

என்ன வேலை? தோட்டக் காற்பந்து. ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் திடலும் அணியும் இருந்தன, மாலையில் ரப்பர் பால் எடை முடிந்து வெறுங்காலோடு இறங்கி ஆடியவர்கள் இவர்களுடைய தாத்தாக்கள். கோல்கீப்பர் ஆறுமுகம் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியதையும், ராஜகோபால் பயிற்சியில் 2010இல் மலேசியா ஏஎஃப்எஃப் கிண்ணம் வென்றதையும் பேசுகிறோம், ஆனால் உங்கள் வட்டாரத்தில் தோட்ட அணிக்கு ஆடியவர்களின் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. பையன்களை வீடு வீடாக அனுப்பிப் பழைய அணிப் படங்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள், பெரிதாக்கி நுழைவாசல் முழுக்க மாட்டுங்கள், படத்தில் இருக்கிறவரும் அவர் பேரப்பிள்ளைகளும் இலவசமாக வரட்டும், ஆட்டத்துக்கு முன் அந்தப் பெரியவர்களைத் திடலுக்குள் அழைத்து டத்தோ கைகொடுக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: புலி பொம்மைக்கு வேட்டி கட்டி, பால் வாளியும் கத்தியும் கொடுத்துக் கோமாளித்தனம் பண்ணலாமே என்று உங்கள் ஆள் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். விடாதீர்கள். பள்ளியில் தோட்டத்துப் பிள்ளை என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள்தான் அன்றைக்கு வரப்போகிறார்கள்.

300 ஜெர்சியை என்ன செய்வது? அடித்தவரிடம் போய் எந்த முறையில் அச்சடித்தார் என்று கேளுங்கள். வெப்பத்தால் ஒட்டிய படமாக இருந்தால் சூடு காட்டி உரித்துவிடலாம், கொஞ்சம் தழும்பு இருக்கும். சப்ளிமேஷன் என்றால் சாயம் நூலுக்குள்ளேயே போயிருக்கும், உரிக்க முடியாது, வேல் இருக்கும் இடத்தில் கிளப் சின்னத்தைத் துணித்துண்டாகத் தைத்து மூடவேண்டும். ஊரில் தையல்கார அக்காக்கள் இருக்கிறார்கள், தீபாவளிக்கு முன்னால் அவர்களுக்கும் கை நிறைய வேலைதான், அதனால் நாளைக்கே பேசுங்கள். மயிலிறகு தோளில் அப்படியே இருக்கட்டும், அது கல்யாணப் புடவையிலும் இருக்கிறது, பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது, மலாய்க்கார ஆட்டக்காரருக்கும் அதில் சங்கடம் இருக்காது, ஆனாலும் மேலாளர் ஒரு தடவை தனியாகக் கேட்டுவிடட்டும். வேலோடு இருக்கிற எதையும் அநாதை இல்லத்துக்குத் தூக்கிக் கொடுப்பது, குப்பையில் போடுவது, எரிப்பது, எதுவும் வேண்டாம். போஸ்டரைப் பார்த்து முன்பணம் கட்டினவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள்.

இனி உங்கள் நிலைமை. "நீ பார்த்துத்தானே" என்பது நியாயமில்லாத பேச்சு. உங்களை வேலைக்கு எடுத்தது செய்தி எழுத, படம் போட, வீடியோ வெட்ட. ஒட்டுமொத்தத் தமிழர் சார்பில் சம்மதக் கையெழுத்துப் போட இல்லை. ஒருவர் தமிழராக இருப்பதால் அவருக்குக் காவடி பற்றி எல்லாம் தெரியும் என்றும், தெரிந்தாலும் முதலாளி முன்னால் தைரியமாகச் சொல்வார் என்றும் எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். கூட்டத்தில் மெதுவாகச் சொன்னேன் என்கிறீர்கள், அடுத்த தடவை மெதுவாகவோ சத்தமாகவோ சொல்லவேண்டாம், கூட்டம் முடிந்தவுடன் இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிவிடுங்கள், 'காவடி குறித்து ஆலயத்திடம் கேட்டுவிட்டு அச்சுக்குப் போகலாம் என்று சொன்னேன்' என்று. டத்தோ கோபம் தணிந்ததும் ஒரு ஏற்பாடு கேளுங்கள்: எந்த விழா ஆட்டமானாலும் அச்சுக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வெளியாட்கள் ஐந்தாறு பேரிடம் வரைபடத்தைக் காட்டவேண்டும். தீபாவளி என்றால் ஆலயத்தில் ஒருத்தர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருத்தர், ரசிகர் மன்றத்தில் ஒருத்தர், கட்டாயம் வயதான ஒரு பெண்மணி. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்றால் அதற்கேற்ற ஆட்கள். இதற்கு ஆகும் செலவு நாலு தே தாரிக், ரொட்டி சானாய். 300 ஜெர்சி எவ்வளவு என்று அவருக்கே தெரியும்.

உறுமி மேளத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் அந்த இரவுக்கு உயிரே இல்லை. குழுவுக்கு முறையாகப் பணம் கொடுங்கள், "விளம்பரம் கிடைக்குமே" என்று இலவசமாகக் கூப்பிடாதீர்கள். அருள் வந்து ஆடுவதற்கு அடிக்கும் அடி வேண்டாம், கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பார்களே அது போதும் என்று முன்கூட்டியே தலைவனிடம் பேசிவிடுங்கள், அவனுக்குப் புரியும். நேரத்தையும் பாருங்கள், ஏழு மணியை ஒட்டி மக்ரிப் தொழுகை, எட்டு மணிக்குச் சற்றுப் பின்னால் இஷாக் தொழுகை, திடலுக்குப் பக்கத்தில் சூராவ் (சிறு தொழுகை இல்லம்) இருந்தால் அந்த இரண்டு நேரமும் மேளம் கீழே இருக்கவேண்டும். ஆட்டம் ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கு வாசலில் ஆரம்பித்து, பெரியவர்களைத் திடலுக்குள் அழைத்து வருவது வரைக்கும் அடிக்கட்டும்.